காந்தம் விடுவதற்கு முன்பே: வீட்டுப் பட்டறையில் கத்தி இரும்பை அனீலிங் செய்யும் முறை

அடித்து முடித்த கத்தியின் வாலில் ரிவெட்டுக்கு ஓட்டை போடும்போது டிரில் பிட் கீச்சென்று சத்தம் போட்டு, நீலம் பாய்ந்து, மழுங்கி நின்றுவிடுகிறதா? பிட்டை மாற்றிப் பயனில்லை. இரும்பு இளகவில்லை. அரம் வழுக்குகிறது, பெல்ட் கிரைண்டரில் பெல்ட் சீக்கிரம் தேய்கிறது, நேராக்கத் தட்டினால் கத்தி 'டிங்' என்று எகிறுகிறது என்றாலும் காரணம் அதேதான். தோய்ச்சல் போடுவதற்கு (பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று எண்ணெயில் குளிர்வித்து இறுக்குவதற்கு) முன் கத்தி அடங்கி, மிருதுவாக, உள் இறுக்கம் இல்லாமல் இருக்க வேண்டும். அந்த நிலைக்கு இரும்பைக் கொண்டுவருவதைத்தான் பட்டறையில் அனீலிங் என்கிறோம்.

இதைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படுவது ஒரே ஒரு வழிதான்: 'நன்றாகப் பழுக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்துவை.' அதில் பாதிதான் சரி. வீட்டுப் பட்டறையில் அனீலிங் கெடுவது பெரும்பாலும் சூடு போதாமல் அல்ல, சூடு கூடிப்போய். சூடு மிகுந்தால் இரும்பைக் காந்தம் பிடிக்காது; கத்திக்கு ஏற்ற இரும்புகளில் பலவற்றைக் காந்தம் பிடிக்கும் சூட்டிலேயே இளக்கிவிடலாம். அதுதான் பாதுகாப்பான வழியும்கூட.

கையில் இருப்பது எந்த இரும்பு

கொங்குப் பகுதியில் கத்தி இரும்புக்குப் பஞ்சமில்லை. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் லாரிப் பட்டறைகளில் கழற்றிப் போட்ட ஸ்பிரிங் பட்டை எடைக்குக் கிடைக்கும். கோயம்புத்தூர் இரும்புக் கடைகளில் இ.என்.31, இ.என்.45, ஓ.எச்.என்.எஸ்., டி2 என்று ரகப் பெயர் சொல்லியே வாங்கலாம். எது எப்படி நடந்துகொள்ளும் என்பது அதிலுள்ள கார்பனையும் கலந்திருக்கும் மற்ற உலோகங்களையும் பொறுத்தது.

ஸ்பிரிங் பட்டையில் கார்பன் ஏறக்குறைய 0.5 முதல் 0.6 சதவீதம். இ.என்.45 வகையில் சிலிக்கான் 1.5 முதல் 2 சதவீதம் வரை இருக்கும். இ.என்.47 வகையில் குரோமியமும் வனேடியமும் இருக்கும். கொடுவாள், அரிவாள், பெரிய வெட்டுக்கத்தி எல்லாவற்றுக்கும் இவை ஏற்றவை. இளக்குவதும் எளிது. பேரிங் வளையங்களில் வரும் இ.என்.31 வேறு ரகம். அதில் கார்பன் 1 சதவீதத்தை ஒட்டியும், குரோமியம் 1 முதல் 1.6 சதவீதம் வரையும் இருக்கும். சமையல் கத்திக்கு அருமையான இரும்பு, ஆனால் சூட்டில் கவனம் தவறினால் கெட்டுவிடும். ஓ.எச்.என்.எஸ். காற்றில் ஆறும்போதே ஓரளவு இறுகிவிடும். டி2 முழுக்கவே இறுகிவிடும். இவை இரண்டும் கடையிலிருந்து இளகிய நிலையில்தான் வருகின்றன. அறுத்து, அரைத்து மட்டும் கத்தி செய்வதென்றால் அனீலிங்கே தேவையில்லை. உலையில் வைத்து அடித்தால்தான் மறுபடியும் இளக்க வேண்டிவரும். டி2-வை உலையில் வைத்து அடிக்காமல் இருப்பதே நல்லது.

பழைய ஸ்பிரிங் பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அனீலிங் எந்த விரிசலையும் மூடாது. துருவைச் சுரண்டிவிட்டு டீசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்து மெல்லப் பூசிக் காயவிடுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளைப் பூச்சின் மேல் மயிரிழை போல ஒரு டீசல் கோடு கசிந்து தெரியும். அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள். ஸ்பிரிங்கின் நடுவில் போல்ட் ஓட்டை உள்ள இடத்தைச் சுற்றித்தான் இது அதிகம் தென்படும்.

உள்ளே நடப்பது

இரும்பு 727 டிகிரி செல்சியஸ் என்ற எல்லையைத் தாண்டும்போது உள்ளமைப்பு மாறத் தொடங்கும். அதுவரை தனியாக, கடினமான கார்பைடாக இருந்த கார்பன் இரும்புக்குள் கரையும். அந்த நிலையிலிருந்து சட்டென்று குளிர்ந்தால் கார்பனுக்கு வெளியேற நேரமில்லாமல் மாட்டிக்கொள்ளும். அதுதான் தோய்ச்சல் தரும் கடினம். மெல்லிய கத்தி காற்றில் ஆறினாலே இதில் ஒரு பங்கு நடந்துவிடுகிறது. முனையும் வாயும் (வெட்டும் ஓரமும்) முதலில் குளிர்வதால் அங்கே கடினம் அதிகம். டிரில் பிட் ஒரு இடத்தில் இறங்கி, ஒரு அங்குலம் தள்ளி வழுக்குவது இதனால்தான்.

மெதுவாக ஆறினால் கார்பைடு மெல்லிய தகடு தகடாக, பனையோலை அடுக்கினாற்போல் படியும். இது ஓரளவு மிருது. இதைவிட மிருதுவான இன்னொரு நிலை உண்டு. 727-க்குக் கொஞ்சம் கீழே நீண்ட நேரம் வைத்திருந்தால் அந்தத் தகடுகள் உடைந்து உருண்டையாகும். களியில் கடுகு கிடப்பதுபோல, மிருதுவான இரும்புக்குள் சின்னச் சின்ன உருண்டைகள். அரமும் பிட்டும் தகட்டை அறுக்க வேண்டியதில்லை, கடுகைத் தள்ளிவிட்டுப் போய்விடும்.

கார்பன் 0.8 சதவீதத்துக்கு மேல் உள்ள இ.என்.31 போன்றவற்றில்தான் அதிகச் சூடு கேடு செய்யும். 900 டிகிரிக்கு மேல் ஏற்றிச் சாம்பலில் மெதுவாக ஆறவைத்தால், மிஞ்சிய கார்பைடு இரும்பின் ஒவ்வொரு மணியையும் (கிரெயின்) சுற்றி வலைபோலப் படியும். தொட்டால் மிருதுதான். ஆனால் டிரில் பிட்டைத் தின்னும், பிறகு கத்தி அந்த வலையின் வழியே உடையும். சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் மூசையில் (மண் உருக்குக் குடுவையில்) எஃகு உருக்கிய தடயங்களை அகழாய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மூசை எஃகும் கார்பன் மிகுந்த ரகம்தான். பின்னாளில் அத்தகைய எஃகு கையில் கிடைத்த ஐரோப்பியக் கொல்லர்கள், தங்கள் இரும்பைப் போலவே அதையும் வெள்ளையாகப் பழுக்கக் காய்ச்சி அடித்தபோது அது நொறுங்கிப்போனது. குறைந்த சூட்டில் அடித்தவர்களுக்குத்தான் அது வசப்பட்டது. இன்றைக்கு பேரிங் வளையத்தைக் கையில் எடுப்பவரும் மனதில் வைக்க வேண்டிய விஷயம் இது.

சூட்டை அறியும் வழிகள்

வெயிலில் வைத்து நிறம் பார்க்காதீர்கள். தகரக் கொட்டகையில் பகல் வெளிச்சம் விழும் இடத்தில் 'லேசான சிவப்பு' என்று தெரிவது, பொழுதுசாய்ந்த பின் பார்த்தால் நல்ல ஆரஞ்சு. அனீலிங் வேலையை மாலை ஆறு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது உலைக்கு மூன்று பக்கமும் மறைப்புக் கட்டுங்கள். இருட்டில் மங்கலான சிவப்பு 600 முதல் 650 வரை, கோவைப்பழச் சிவப்பு 750-ஐ ஒட்டி, ஆரஞ்சு ஏறினால் 900. இதுவும் தோராயம்தான். ஆளுக்கு ஆள் கண் மாறும்.

ஆகவே நிறத்தோடு வேறு மூன்று சாட்சிகளையும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சாட்சி காந்தம். பழைய ஸ்பீக்கரில் இருக்கும் கருப்புக் காந்தத்தை ஒரு நீளமான கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். பளபளப்பான சின்ன நியோடிமியம் காந்தம் வேண்டாம், 80 டிகிரியிலேயே அதன் வலு குறையத் தொடங்கும். கத்தி காந்தத்தை இழுத்தால் சூடு 770-க்குக் கீழே இருக்கிறது. இழுக்காமல் விட்டுவிட்டால் 770-ஐ ஒட்டி வந்துவிட்டது. தொட்டவுடன் எடுத்துவிடுங்கள், வைத்துக்கொண்டே இருந்தால் காந்தமே கெட்டுவிடும்.

இரண்டாவது அலுமினியம். பழைய மின்சார ஒயரிலிருந்து உருவிய அலுமினியக் கம்பி 660 டிகிரியில் உருகும். அரை அங்குலத் துண்டைக் கத்தியின் மேல் வைக்காமல், கத்திக்குப் பக்கத்தில் அதே கனமுள்ள ஒரு சில்லறை இரும்பின் மேல் வையுங்கள். உருகும்போது மெழுகுபோல ஓடாது. மேலே இருக்கும் ஆக்சைடு தோல் பிடித்துக்கொள்ளும். நேராக இருந்த கம்பி வயிறு தொங்கிப் பளபளவென்று ஆகும், ஒரு குச்சியால் தொட்டால் தளும்பும். அந்தத் தளும்பலைப் பார்த்துவிட்டால் 660 வந்துவிட்டது.

மூன்றாவது உப்பு. சமையல் உப்பு 801 டிகிரியில் உருகும். கல்லுப்பு சூட்டில் படபடவென்று தெறிக்கும். ஆகவே பொடியுப்பை வாணலியில் ஈரம் போக வறுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகையைத் தூவினால் வெள்ளையாக இருந்தது கண்ணாடிபோலப் படர்ந்து ஓடும். வேலை முடிந்ததும் கத்தியை வெந்நீரில் கழுவ வேண்டும், இல்லையென்றால் ஒரே இரவில் துரு பிடிக்கும்.

கே டைப் தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் முள்) வாங்குவதென்றால், மீட்டரோடு இலவசமாக வரும் துணி உறை ஒயர் போதாது. அந்த உறை 400, 500 டிகிரியில் கருகிவிடும். ஸ்டீல் உறை அல்லது பீங்கான் மணி கோத்த நீள முள்ளைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு முறையாவது இதைச் செய்து பாருங்கள்: விளக்கை அணைத்துவிட்டு, காந்தம் விட்ட சூட்டுக்குக் கொஞ்சம் மேலே ஏற்றிய கத்தியை உலையிலிருந்து எடுத்துக் கண்ணெதிரே பிடியுங்கள். சிவப்பு மெல்ல மங்கிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் மங்குவது நின்று, முனையிலிருந்தும் வாயிலிருந்தும் ஒரு வெளிச்சம் முதுகை நோக்கி மெதுவாக நகரும், உள்ளே யாரோ ஊதுவதுபோல. பிறகு மறுபடியும் மங்கும். உள்ளமைப்பு திரும்பி மாறும்போது இரும்பு வெளிவிடும் சூடு அது. அந்த வெளிச்சம் கத்தி முழுவதும் கடந்து முடிந்துவிட்டால் மாற்றம் முடிந்தது என்று பொருள். இதை ஒரு தடவை பார்த்த கண்ணுக்கு, பிறகு எந்த நிறம் எந்த எல்லை என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் காற்றாற்றல், மூன்று சுற்று

அடித்த இரும்பை நேரடியாக இளக்கினால், அடிக்கும்போது பெருத்த மணிகள் அப்படியே இருக்கும். ஆகவே முதலில் நார்மலைசிங், அதாவது காற்றாற்றல். முதல் சுற்றில் உப்பு உருகும் சூட்டுக்கும் மேலே, ஏறக்குறைய 860 வரை ஏற்றி, குறட்டில் தொங்கவிட்டு ஆறவிடுங்கள். சிவப்பு போய், காந்தம் பிடித்து, கருப்பாகும்வரை காத்திருங்கள். இரண்டாவது சுற்றில் உப்பு உருகும் சூடு போதும். மூன்றாவதில் காந்தம் விட்டவுடன் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கத்தி முழுக்க ஒரே நிறம் வந்தால் போதும், பிறகு உலையில் வைத்திருக்கத் தேவையில்லை.

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் எப்படி வீசும் என்று தெரியும். அந்தக் காற்றில் கத்தியைப் பிடித்தால் காற்று படும் பக்கம் முதலில் சுருங்கிக் கத்தி கோணும், முனையும் இறுகும். கதவைச் சாத்திவிட்டு, காற்று அசையாத மூலையில் தொங்கவிடுங்கள். ஆனால் கரி உலை எரியும்போது அறையை முழுக்க அடைக்கவே கூடாது. கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. காற்றைத் தடுக்கும் மறைப்பு வேறு, மேலே புகை போகும் வழி வேறு. இரண்டும் வேண்டும்.

கோணியிருந்தால் இப்போதே நிமிர்த்துங்கள். மங்கிய சிவப்பில் புளியமரக் கட்டையின் மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டினால் வடு விழாது.

முதல் முறை: எல்லைக்குக் கீழே நிறுத்தி இளக்குதல்

பெரும்பாலான கத்திகளுக்கு இதையே செய்யுங்கள். வேண்டியது ஒரு குழாய். 3 அங்குல விட்டம், ஒன்றரை அடி நீளம், 4 மி.மீ. சுவர் கனமுள்ள கருப்பு எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பைப்பாக இருக்க வேண்டும். ஒரு முனையைத் தகடு வைத்து வெல்டிங் செய்து அடையுங்கள். போர்வெல், தோட்டத்துத் தண்ணீர் வேலையில் மிஞ்சிய ஜி.ஐ. பைப் வீட்டில் கிடக்கிறதே என்று எடுக்காதீர்கள். துத்தநாகப் பூச்சு சூட்டில் வெள்ளைப் புகையாகக் கிளம்பும், அதைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும்.

குழாயை உலையில் படுக்கவைத்து, சுற்றிலும் மேலேயும் கரி போடுங்கள். சீமைக்கருவேலங்கரி இதற்குத் தோது. தொட்டிக்கரி (கொட்டாங்குச்சிக் கரி) அடர்த்தியானது. பற்றிக்கொண்டால் சூடு வேகமாக ஏறும், புளோயரை நிறுத்தினாலும் உடனே இறங்காது. அதைத்தான் பயன்படுத்துவதென்றால் பாதிக்குப் பாதி கலந்து, காற்றைக் குறைத்து வையுங்கள். காங்கேயம், வெள்ளக்கோயில் பக்கம் தொட்டிக்கரிப் பொடி எளிதில் கிடைக்கும். அதில் இரண்டு கைப்பிடி குழாய்க்குள் போட்டால், உள்ளே நுழையும் ஆக்சிஜனை அது பிடித்துக்கொள்ளும், கத்தியில் செதில் (சூட்டில் உண்டாகும் ஆக்சைடு படலம்) விடுவது வெகுவாகக் குறையும்.

கத்தியை முதுகு கீழே இருக்கும்படி, இரண்டு சில்லுச் செங்கல் துண்டுக்கு இடையே நிறுத்துங்கள். பக்கத்தில் அலுமினியம் வைத்த சில்லறை இரும்பு. குழாயின் வாயைச் செங்கல்லால் பாதி மூடுங்கள். முழுக்க அடைத்து வெல்டிங் வைப்பதோ மூடி திருகுவதோ கூடாது. உள்ளே அழுத்தம் ஏறினால் குழாய் வெடிக்கும்.

அலுமினியம் தளும்ப வேண்டும், கத்தி காந்தத்தைப் பிடிக்கவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாம் நிற்க வேண்டிய இடம். அந்த இடைவெளியின் கீழ்ப்பாதியில், 670 முதல் 710 வரை நிற்பது நல்லது. தெர்மோகப்பிள் இருந்தால் 690 என்று குறித்துக்கொள்ளுங்கள். புளோயரை ஒரு நிமிடம் ஓட்டி, ஐந்தாறு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஓட்டினால் சூடு அங்கேயே அலையும். இந்தத் தாளம் ஒவ்வொரு உலைக்கும் மாறும். முதல் முறை வெறும் இரும்புத் துண்டை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் பட்டைக்கு ஒரு மணி நேரம் போதும். இ.என்.31, ஓ.எச்.என்.எஸ். என்றால் இரண்டு மணி நேரம். பிறகு புளோயரை நிறுத்தி, குழாயின் வாயை மூடிவிட்டுப் படுக்கப் போகலாம். அவசரமென்றால் வெளியே எடுத்துக் காற்றிலேயே ஆறவைத்தாலும் இறுகாது. எல்லையைத் தாண்டாததால் இறுகுவதற்கு உள்ளே எதுவும் கரைந்திருக்கவில்லை. இந்த முறையின் பெரிய வசதியே அதுதான். சாம்பல் ஈரமா, காற்று வீசுகிறதா என்ற கவலை கிடையாது.

நடுவில் ஒரு தடவை காந்தம் விட்டுவிட்டதென்றால் பதற வேண்டாம். காற்றைக் குறைத்து, காந்தம் மறுபடியும் நன்றாகப் பிடிக்கும்வரை குழாய்க்குள்ளேயே இறங்கவிட்டு, நேரத்தை முதலிலிருந்து எண்ணுங்கள். அந்த நேரத்தில் வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் தவறு. எடுத்த கணமே முனை இறுகும்.

இரண்டாவது முறை: சாம்பலில் புதைத்தல்

ஸ்பிரிங் பட்டைக்கும் கலப்பில்லாத கார்பன் எஃகுக்கும் இது சரிப்படும். ஓ.எச்.என்.எஸ்., டி2 இரண்டுக்கும் சரிப்படாது. சாம்பலில் ஆறும் வேகமே அவற்றுக்கு அதிகம்.

குட்டைக் கத்திக்கு 15 கிலோ எண்ணெய் டின் போதும். கொடுவாள் நீளத்துக்குத் தகரத்தில் இரண்டரை அடிப் பெட்டி செய்துகொள்ளுங்கள். சாயப்பட்டறை, கெமிக்கல் டிரம்மை அறுத்து எடுக்க வேண்டாம். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத காலி டிரம்மில் கிரைண்டர் பொறி பட்டு வெடித்தால் உயிர் போகும்.

உமிச்சாம்பல் நல்ல காப்பு. அரிசி ஆலைகளில் கேட்டால் கிடைக்கும். எரியாத உமி கலந்திருந்தால் சலித்து எடுங்கள், இல்லையென்றால் கத்தியின் சூட்டில் அது கனன்று இரவெல்லாம் புகையும். உமிச்சாம்பல் பெரும்பகுதி சிலிக்கா. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். சலிக்கும்போதும் கொட்டும்போதும் என்95 மாஸ்க் கட்டாயம். மாடித்தோட்டக் கடைகளில் விற்கும் வெர்மிகுலைட்டும் நன்றாக வேலை செய்யும். மணல் வேண்டாம், அது சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும். சுண்ணாம்பு என்றால் நீற்றி நன்றாகக் காய்ந்த பொடி மட்டும்.

எதுவானாலும் ஈரம் துளியும் ஆகாது. ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உருண்டையாக நிற்கக் கூடாது, உதிர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் வெயிலை நம்பாமல் இரும்புச் சட்டியில் வறுத்தே எடுங்கள். ஈரச் சாம்பலில் நீராவி கிளம்பி முகத்தில் அடிக்கும், கத்தியும் பாதி தோய்ச்சல் ஆகிவிடும்.

மெல்லிய கத்தியைத் தனியாகப் புதைப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. 30 செ.மீ. நீளம், 3 மி.மீ. கனம், 3 செ.மீ. அகலமுள்ள கத்தியின் எடை 200 கிராமைக் கொஞ்சம் தாண்டும். அதிலுள்ள சூடு, சுற்றியுள்ள குளிர்ந்த சாம்பலைச் சூடேற்றவே போதாது. அதற்குத் துணை இரும்பு வேண்டும். 25 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், 8 மி.மீ. கனமுள்ள ஸ்பிரிங் பட்டைத் துண்டு ஒவ்வொன்றும் 950 கிராம் வரும். அப்படி இரண்டைக் கத்தியோடு சேர்த்துக் காய்ச்சுங்கள். சாம்பலில் பள்ளம் பறித்து, முதலில் வேறொரு சிவந்த இரும்பை ஐந்து நிமிடம் வைத்து எடுத்துச் சாம்பலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். பிறகு துணை இரும்பு ஒன்று, நடுவில் முதுகு கீழாகக் கத்தி, அந்தப் பக்கம் இன்னொரு துணை இரும்பு. மேலேயும் கீழேயும் பக்கங்களிலும் டின் இடம்கொடுக்கும் அளவுக்குச் சாம்பல். டின் உலைக்கு ஒட்டியே இருக்கட்டும். உலையிலிருந்து சாம்பலுக்குப் போக மூன்று விநாடிக்கு மேல் ஆகக் கூடாது.

சூட்டின் அளவு: இ.என்.47 பட்டைக்கு உப்பு உருகிய பின் ஒரு சாயல் கூட, 820-ஐ ஒட்டி. இ.என்.45-இல் சிலிக்கான் எல்லையை மேலே தள்ளுவதால் 840. கார்பன் 0.75, 0.8 உள்ள சாதாரண எஃகுக்கு உப்பு உருகும் சூடே போதும். கத்தி முழுக்க ஒரே நிறமாக இரண்டு, மூன்று நிமிடம் நின்றால் போதும். சிலிக்கான் இரும்பு மேல்தோலில் கார்பனை வேகமாக இழக்கும் என்பதால் அதிக நேரம் வைக்காதீர்கள்.

12 மணி நேரம் தொடாதீர்கள். மறுநாள் காலையில் தோண்டும்போது கையில் உணரும்படி வெதுவெதுப்பு மிச்சமிருந்தால் சரியாக ஆறியிருக்கிறது. இரண்டு மணி நேரத்திலேயே டின் குளிர்ந்துவிட்டதென்றால் சாம்பலோ துணை இரும்போ போதவில்லை.

மஃபிள் உலை (சூட்டைக் கட்டுப்படுத்தும் மின் உலை) இருந்தால்

கண்ட்ரோலரில் இறங்கு வேகம் வைக்க முடிந்தால் வேலை சுலபம். இ.என்.31-ஐ 790-இல் முக்கால் மணி நேரம் வைத்து, மணிக்கு 20 டிகிரி வீதம் 650 வரை இறக்குங்கள். ஏழு மணி நேரம் ஆகும். பிறகு கரண்டை நிறுத்தலாம். ஓ.எச்.என்.எஸ். 770 முதல் 780-இல் தொடங்கி அதே வேகத்தில் 540 வரை. டி2-வுக்கு 870 முதல் 900. இந்தச் சூட்டில் மேல்தோல் கெடாமலிருக்க ஸ்டெயின்லெஸ் ஃபாயிலில் சுற்றுங்கள். ஃபாயிலின் ஓரம் கத்தியைவிட மோசமாகக் கையை வெட்டும், தோல் கையுறை போடுங்கள்.

சரியாக வந்ததா என்று பார்ப்பது

செதிலைச் சுரண்டிவிட்டு, புது அரத்தை முனையில், நடுவில், வாலில் ஒவ்வொரு இழுப்பு இழுங்கள். இளகிய இரும்பில் அரம் கடித்து, 'கர்' என்ற தாழ்ந்த சத்தத்தோடு சாம்பல் நிறத் தூளைத் தள்ளும். இறுகிய இடத்தில் கண்ணாடியில் தேய்ப்பதுபோல மெல்லிய கீச்சு வரும், தூள் வராது. செதிலின் மேலேயே தேய்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள், செதிலே கடினமானது. 6 மி.மீ. ஹெச்.எஸ்.எஸ். பிட்டை 800 முதல் 1000 சுற்றில் ஓட்டினால் சுருள் சுருளாகச் சீவல் வர வேண்டும்.

முனை மட்டும் இறுகியிருந்தால், உலையிலிருந்து சாம்பலுக்குப் போகும் வழியிலேயே அது ஆறிவிட்டது. கத்தி முழுவதையும் மறுபடி புதைக்க வேண்டாம், குழாய் முறையில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். அரம் முதலில் கடித்து, கொஞ்சம் ஆழத்தில் வழுக்கினால், மேல்தோல் கார்பனை இழந்திருக்கிறது, உள்ளே இளகவே இல்லை. பிட் வெறுமனே உரசிக்கொண்டிருந்த இடம் மட்டும் இறுகினால், மழுங்கிய பிட்டின் சூடே அங்கே தோய்ச்சல் போட்டிருக்கிறது. குரோமியம் உள்ள இரும்பில் இது அடிக்கடி நடக்கும். கூர்மையான பிட், நல்ல அழுத்தம், கொஞ்சம் எண்ணெய் இருந்தால் வராது.

சந்தேகமான இரும்பில் கத்தியோடு ஒரு விரல் நீளத் துண்டையும் எல்லாச் சுற்றிலும் கூடவே வையுங்கள். கடைசியில் அதற்குத் தோய்ச்சல் போட்டு, துணியில் சுற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு, வைஸில் வைத்து உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் கல்கண்டுபோல மினுங்கினால் எங்கோ சூடு கூடிவிட்டது, காற்றாற்றலிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். பட்டுத்துணியின் பின்பக்கம்போல மங்கிய சாம்பல் நிறமாக இருந்தால் மணி நன்றாக இருக்கிறது.

தோய்ச்சலுக்கு முன் இன்னொரு சுற்று

ஓட்டை போட்டு, அரைத்து, உருவம் வந்த பிறகு கத்தியை நேராகத் தோய்ச்சலுக்குக் கொண்டுபோகாதீர்கள். உருண்டை உருண்டையாகிவிட்ட கார்பைடு கரைய நேரம் எடுக்கும். கண்ட்ரோலர் உள்ள உலையில் பத்து, பதினைந்து நிமிடம் நிறுத்திவைக்கலாம். கரி உலையில் மெல்லிய வாயை அவ்வளவு நேரம் வைத்தால் கருகும், வைக்காவிட்டால் கார்பன் பாதிதான் கரையும். எண்ணெயில் போட்டு எடுத்தும் அரம் கடிக்கிறதே என்று பலர் எண்ணெயை மாற்றுவது இந்தக் காரணத்தால்தான்.

வாயை இன்னும் கூராக்காமல் ஒன்றரை மி.மீ. கனம் விட்டு, பக்கத்துக்கு 0.3 மி.மீ. கூடுதலும் வைத்துக்கொண்டு, கத்தியை ஒரு முறை காற்றாற்றுங்கள். உப்பு உருகும் சூடு, அசையாத காற்று, கருப்பாகும்வரை பொறுமை. கார்பைடு மறுபடியும் மெல்லிய தகடாகப் படியும், அடுத்த சூட்டில் சீக்கிரம் கரையும். இ.என்.31-க்கு இதே சுற்றை 860 வரை கொண்டுபோய் ஒரு முறை, பிறகு காந்தம் விட்டவுடன் எடுத்து ஒரு முறை. கோணியிருக்கிறதா என்று முதுகை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, நிமிர்த்திவிட்டு, அதன் பிறகு எண்ணெயைச் சூடாக்கத் தொடங்குங்கள்.